படுக்கையில் வாங்குவதும் பாயில் உட்கார்ந்து வாங்குவதும்

கேள்வி: கடைக்குப் போனால் ஐந்நூறு ரூபாய்க்குப் பத்து தடவை யோசிக்கிறேன். ராத்திரி படுத்துக்கொண்டு போனைப் பார்த்தால் இரண்டாயிரம் போவதே தெரிவதில்லை. என் அம்மா இதற்கு நேரெதிர். போனில் ஒரு சீப்புகூட வாங்கமாட்டார், தி.நகர் போனால் மூன்று புடவை இல்லாமல் திரும்பமாட்டார். ஒரே வீட்டில் இப்படி இருப்பது ஏன்? எது தேவலை?

இரண்டு பக்கமும் நின்று பார்த்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். பதினோரு வருஷம் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் பட்டுப் பிரிவில் விற்பனையாளராக இருந்தேன். இப்போது ஆறு வருஷமாக, இணையத்தில் துணி விற்கும் ஒரு நிறுவனத்தில், திரும்பி வரும் பார்சல்களைப் பிரித்துப் பார்த்து ஏன் வந்தது என்று குறித்துவைக்கும் பிரிவில் வேலை. நடுவில் அஞ்சல் வழியில் உளவியல் படித்தேன். படித்ததில் பாதி எனக்குப் பட்டுப் பிரிவின் பாயில் உட்கார்ந்து புடவை காட்டியபோதே தெரிந்திருந்தது, பெயர்தான் தெரியாது.

முதலில் ஒன்று. நீங்கள் ஊதாரியும் இல்லை, உங்கள் அம்மா ஏமாளியும் இல்லை. கடையில் ஆசைக்கும் பணத்துக்கும் நடுவே ஆட்கள் நிற்கிறார்கள். அந்த ஆட்களால்தான் நீங்கள் தயங்குகிறீர்கள். அதே ஆட்களால்தான் உங்கள் அம்மா வாங்குகிறார். போனில் அந்த நடு இடம் காலியாக இருக்கிறது. அம்மாவுக்கு அங்கே வாங்கத் தோன்றவில்லை, உங்களுக்கு நிறுத்தத் தோன்றவில்லை.

அம்மாவின் பக்கத்தை முதலில் பார்ப்போம், எனக்கு அது நன்றாகத் தெரியும்.

பட்டுப் பிரிவுக்கு ஒருவர் வந்ததும் உட்காரச் சொல்வோம், தண்ணீர் வரும். "கல்யாணத்துக்காம்மா, இல்ல சும்மா கட்டவா? என்ன ரேஞ்ச்லம்மா பாக்குறீங்க?" அவர் ஐயாயிரம் என்பார். நாங்கள் முதலில் பிரித்துப் போடுவது எட்டாயிரத்துப் புடவையை. "இது பாருங்க, எடுக்கணும்னு இல்ல, சும்மா பாருங்க." அதற்குப் பிறகு ஆறாயிரம் அவர் கண்ணுக்குச் சிக்கனமாகத் தெரியும். ஐயாயிரம் என்று அவர் மனதில் கொண்டுவந்த எண்ணை நாங்கள் இரண்டு நிமிஷத்தில் நகர்த்திவிடுவோம். முதலில் காதில் விழும் விலை அதற்குப் பின்னால் வரும் விலைகளுக்கெல்லாம் அளவுகோலாகிவிடுகிறது என்று உளவியல் பாடத்தில் வாசித்தபோது, எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மூத்த விற்பனையாளர்தான் ஞாபகத்துக்கு வந்தார். அவர் எட்டாவது வரை படித்தவர்.

பத்துப் பன்னிரண்டு புடவை மலைபோலக் குவிந்ததும் வேறொன்று நடக்கும். வாங்க வந்தவரின் முகம் மாறும். "பாவம், இத்தனையைப் பிரிச்சுப் போட்டுட்டாரே, வெறுங்கையோட எழுந்து போறதா?" என்று பக்கத்தில் இருப்பவரிடம் மெல்லச் சொல்வார். நம் ஊர் மனசு அப்படி. ஒருவர் நமக்காகப் பாடுபட்டால் அது கடனாக உட்கார்ந்துவிடும். காய்கறிக்கடையில் கொசுறாக ஒரு கொத்து கறிவேப்பிலை வாங்கியவர் மறுநாள் அந்தக் கடையைத் தாண்டிப் போகக் கூச்சப்படுவதும் இதே கணக்குதான்.

மூன்றாவது, தோள். முந்தானையை எடுத்துத் தோளில் போட்டுக் கண்ணாடி முன்னால் நிறுத்துவோம். ஒரு முறை மேலே பட்டுவிட்டால் அதைக் கழற்றிக் கீழே வைப்பது எதையோ இழப்பதுபோல இருக்கும். டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் ஆகிய மூவரும் 1990இல் வெளியிட்ட ஒரு சோதனை புகழ்பெற்றது. கார்னெல் பல்கலைக்கழக மாணவர்களில் பாதிப் பேருக்குச் சாதாரணக் காபிக் கோப்பை ஒன்றைக் கொடுத்துவிட்டு, எவ்வளவுக்கு விற்பீர்கள் என்று கேட்டார்கள். கோப்பை கிடைக்காதவர்களிடம் எவ்வளவுக்கு வாங்குவீர்கள் என்று கேட்டார்கள். விற்பவர்கள் கேட்ட விலை, வாங்குபவர்கள் தரத் தயாராக இருந்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேல். கையில் வந்து சில நிமிஷம்கூட ஆகவில்லை, அதற்குள் "என்னுடையது" ஆகிவிட்டது. கோப்பைக்கே அப்படியென்றால், நாத்தனார் பக்கத்தில் நின்று "உனக்கு எடுப்பா இருக்கு அண்ணி" என்று சொல்லும் காஞ்சிப் பட்டுக்கு எப்படி இருக்கும்?

இவ்வளவும் உங்கள் அம்மாவுக்கு எதிராக வேலை செய்கிறது. ஆனாலும் அவர் வாங்கியதைப் பற்றி நான் பெரிதாகக் கவலைப்படமாட்டேன். அந்த வாங்கலுக்கு ஒரு முடிவு இருக்கிறது. கால் வலிக்கும், பசிக்கும், ரங்கநாதன் தெரு நெரிசலில் பையைத் தூக்கிக்கொண்டு மாம்பலம் ஸ்டேஷனுக்கு நடக்க வேண்டும். ஆடித் தள்ளுபடிக்கும் ஒரு கணக்கு இருந்தது. ஆடியில் கல்யாணம் இல்லை, சரக்கு தேங்கும், தள்ளிவிட வேண்டும். வருஷத்தில் ஒரு மாதம், பிறகு முடிந்தது. போனில் தினமும் ஏதாவது ஒரு தள்ளுபடி நடந்துகொண்டே இருக்கிறது. அங்கே கடை சாத்தும் நேரம் என்று ஒன்று இல்லை, உங்கள் கண் மூடும்போதுதான் கடை மூடுகிறது.

இனி உங்கள் பக்கம்.

பணம் கொடுப்பது வலிக்கும். கையிலிருந்து நோட்டு போவதைப் பார்க்கும்போது உண்மையிலேயே மனம் சுருங்குகிறது, அந்தச் சுருக்கம்தான் நம்மைக் காப்பாற்றுகிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் டிராசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் இருவரும் கூடைப்பந்து ஆட்டத்தின் டிக்கெட்டுகளை மாணவர்களிடையே ஏலம் விட்டார்கள். ரொக்கமாகத்தான் தரவேண்டும் என்று சொல்லப்பட்டவர்கள் கேட்ட விலையைவிட, கிரெடிட் கார்டில் தரலாம் என்று சொல்லப்பட்டவர்கள் கேட்ட விலை ஏறத்தாழ இரண்டு மடங்கு. 2001இல் வெளிவந்த ஆய்வு இது. நம் ஊரில் 2016இல் யு.பி.ஐ. வந்த பிறகு கடையிலும் ஸ்கேன்தானே என்று நீங்கள் கேட்கலாம். உண்மை, கடையிலும் அந்த வலி குறைந்துவிட்டது. ஆனால் கடையில் அந்தச் சின்ன ஸ்பீக்கர் பெட்டி "இவ்வளவு ரூபாய் பெறப்பட்டது" என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்கிறது. வரிசையில் பின்னால் நிற்பவருக்குக்கூடத் தெரியும். படுக்கையில் உங்கள் செலவை யாரும் உரக்கச் சொல்வதில்லை. கார்டு ஏற்கெனவே சேமிக்கப்பட்டிருக்கிறது, முகவரியும் இருக்கிறது, கட்டைவிரல் சில முறை அசைந்தால் போதும்.

தொட்டுப் பார்க்க முடியாதே, அதனால் போனில் ஆசை குறைவாகத்தானே இருக்கவேண்டும் என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆடம் பிராசல், ஜேம்ஸ் கிப்ஸ் என்ற இருவர் 2014இல் வெளியிட்ட ஆய்வைப் படித்த பிறகு அந்த எண்ணம் போயிற்று. ஒரே பொருளை மவுஸ் வைத்துத் தேர்ந்தெடுத்தவர்களைவிட, தொடுதிரையில் விரலால் தொட்டுத் தேர்ந்தெடுத்தவர்கள் அதைத் தங்களுடையதாக அதிகம் உணர்ந்தார்கள். விட்டுக்கொடுக்க அதிக விலை கேட்டார்கள். படத்தை விரலால் விரித்துப் பார்க்கிறீர்களே, அது கிட்டத்தட்ட முந்தானையைத் தோளில் போடுவதுதான். நான் செய்த வேலையை இப்போது உங்கள் விரலே செய்கிறது.

ஏன் ராத்திரி? இதுதான் உங்கள் கேள்வியிலேயே எனக்கு முக்கியமாகப்பட்ட சொல். பகல் முழுவதும் மேலதிகாரி சொன்னதைச் செய்தாயிற்று, பஸ் வரும்போது ஏறியாயிற்று, வீட்டில் மற்றவர்களுக்கு வேண்டியதைச் செய்தாயிற்று. பதினொரு மணிக்குத்தான் "இது வேணும், இது வேண்டாம்" என்று சொல்லும் அதிகாரம் கைக்கு வருகிறது. 2014இலேயே வெளிவந்த இன்னோர் ஆய்வில், சோகமாக இருந்தவர்களுக்கு, பொருள்களைச் சும்மா பார்ப்பதைவிட, இதை வாங்குவேன் என்று முடிவெடுப்பது ஆறுதல் தந்தது என்று கண்டார்கள். காரணம், தன் கையில் ஏதோ இருக்கிறது என்ற உணர்வு. அதனால் ராத்திரியில் வாங்குவதை வெறும் பேராசை என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். அது பெரும்பாலும் களைப்பு.

என் பிரிவுக்கு வரும் பார்சல்களில் இது தெளிவாகத் தெரியும். ஒட்டிய டேப்கூடப் பிரிக்காமல் திரும்பி வரும் பெட்டிகள் உண்டு. பொருள் பிடிக்காமல் அனுப்பியது என்றால் பிரித்தாவது பார்த்திருக்கவேண்டும் அல்லவா? அவர்களுக்கு வேண்டியிருந்தது அந்தச் சுடிதார் அல்ல. ஆர்டர் போட்ட அந்த நிமிஷமும், "வந்துகொண்டிருக்கிறது" என்று நாலு நாள் காத்திருந்த எதிர்பார்ப்பும்தான். பெட்டி வாசலுக்கு வந்தபோது அது ஏற்கெனவே முடிந்துபோயிருந்தது. கேஷ் ஆன் டெலிவரியில் இது இன்னும் அதிகம். பணம் அப்புறம்தானே என்று ஆர்டர் போடும்போது செலவே செய்யாததுபோல இருக்கும், வாசலில் பணம் கேட்கும்போதுதான் அந்த வலி வருகிறது. வந்தவுடன் வேண்டாம் என்று விடுவார்கள். பார்சல் கொண்டுவந்த பையன் வெயிலில் இரண்டு மாடி ஏறி வந்தது வீண்.

"இன்னும் 2 மட்டுமே உள்ளன", "இப்போது 41 பேர் பார்க்கிறார்கள்" என்ற வரிகளைப் பற்றியும் சொல்லவேண்டும். கடையிலும் நாங்கள் "கடைசி பீஸும்மா" என்று சொன்னதுண்டு, மறைக்கமாட்டேன். ஆனால் அங்கே வாங்க வந்தவர் நிமிர்ந்து பார்த்து, "மேல் தட்டுல அதே கலர் இருக்கே தம்பி" என்று கேட்க முடியும். கேட்டிருக்கிறார்கள். போனில் மேல் தட்டு உங்கள் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் இத்தகைய 13 தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. பொய்யாக அவசரப்படுத்துவது, கேட்காமலேயே கூடையில் எதையாவது சேர்ப்பது, வேண்டாம் என்றால் குற்ற உணர்வு வரும்படி எழுதுவது, கடைசிப் பக்கத்தில் மட்டும் புதுக் கட்டணம் காட்டுவது எல்லாம் அதில் உண்டு. இவற்றில் ஏதாவது நடந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். தமிழிலேயே பேசலாம்.

போனில் ஆயிரக்கணக்கில் காட்டுகிறார்கள், அதனால்தான் குழம்பி வாங்குகிறோம் என்று பலர் சொல்வார்கள். இதற்கு ஆதாரமாக எப்போதும் ஷீனா ஐயங்கார், மார்க் லெப்பர் இருவரின் ஜாம் ஆய்வைச் சொல்வார்கள். கலிஃபோர்னியாவில் ஒரு கடையில் 24 வகை ஜாம் வைத்தபோது நின்று பார்த்தவர்களில் 3 சதவீதம் பேர் வாங்கினார்கள், 6 வகை மட்டும் வைத்தபோது 30 சதவீதம் பேர் வாங்கினார்கள். அழகான முடிவு. ஆனால் பின்னால் இதுபோன்ற பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது, சராசரியில் அந்த விளைவு ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போனது. என் அனுபவமும் அதுதான். என்ன வேண்டும் என்று தெரிந்து வந்தவரை நூறு புடவை குழப்புவதில்லை. தெரியாமல் வந்தவரைக் குழப்ப மூன்றே போதும்.

இப்போது நான் மனதார நம்பும் ஒன்றைச் சொல்கிறேன். கடையில் ஆட்கள் இருப்பது நல்லது என்பதுபோல இதுவரை எழுதிவிட்டேன். எல்லாருக்கும் அப்படி இல்லை.

தேய்ந்த செருப்போடு ஒரு அம்மா மகளின் கல்யாணத்துக்குப் பட்டு பார்க்க வந்தார். மேற்பார்வையாளர் கண்ணாலேயே எனக்குச் சைகை காட்டினார். நான் அந்த அம்மாவிடம், "காட்டன் அந்தப் பக்கம்மா" என்று கைகாட்டினேன். அவர் மடியில் இருந்த மஞ்சள் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்துபோனார். அந்தப் பையில் எவ்வளவு பணம் இருந்தது என்பது எனக்குத் தெரியாது. அதைக் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. பதினோரு வருஷத்தில் என்னை இன்னமும் உறுத்துவது அது ஒன்றுதான். போன் யாருடைய செருப்பையும் பார்ப்பதில்லை. எட்டாயிரத்துப் புடவையை அது எல்லாருக்கும் ஒரே மாதிரி காட்டுகிறது.

உடம்பு பருமனாக இருக்கும் பெண்ணிடம், கூட்டத்துக்கு நடுவில் "உங்க சைஸ் வராதுக்கா" என்று உரக்கச் சொல்லும் கடைகள் உண்டு. ஆண்கள் நிற்கும் கவுன்ட்டரில் உள்ளாடை கேட்கக் கூசும் பெண்கள் உண்டு. நாப்கினைச் செய்தித்தாளில் சுற்றிக் கறுப்புப் பையில் போட்டுத் தரும் மருந்துக்கடை எல்லா ஊரிலும் உண்டு, திருட்டுப் பொருள் மாதிரி. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு வாசலில் நாலு படி வைத்த கடை, கடையே இல்லை. எங்கள் பார்சல்களில் உள்ள முகவரிகளைப் பார்த்தால், பஸ்ஸே ஒழுங்காகப் போகாத ஊர்கள் நிறைய. இவர்களுக்கு நடுவில் ஆட்கள் இல்லாமல் இருப்பது ஒரு விடுதலை. ஆகவே "எது தேவலை" என்று கேட்டால், யாருக்கு என்று திருப்பிக் கேட்பேன்.

உங்களுக்கு என்றால், பொருளைப் பார்த்துப் பிரியுங்கள். விரல் அறிய வேண்டியதைக் கடையில் வாங்குங்கள். வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்காமல், தேங்காயைத் தட்டிக் காதில் கேட்காமல் வாங்குவது எனக்கு இன்னமும் மனம் ஒப்பாத காரியம். பட்டும் அப்படித்தான். என் பிரிவுக்குத் திரும்பி வரும் புடவைகளில் "கலர் வேறு" என்று எழுதி வருபவற்றைப் பார்த்தால் மயில்கழுத்து நிறம் அடிக்கடி இருக்கும். ஏமாற்று வேலை இல்லை. நீளவாட்டில் ஓடும் பாவு நூல் ஒரு நிறம், குறுக்கே ஓடும் ஊடை நூல் ஒரு நிறம். பார்க்கும் கோணம் மாறினால் நீலமும் பச்சையும் மாறி மாறி எழும். ஒரு படத்தில் அதைப் பிடிக்கவே முடியாது. சார்ஜர், புத்தகம், ஏற்கெனவே அளவு தெரிந்த உள்ளாடை, எப்போதும் வாங்கும் அதே சோப்பு போன்றவற்றுக்கு நடந்து போவதால் ஒரு லாபமும் இல்லை. போனிலேயே வாங்குங்கள்.

செலவைக் கட்டுப்படுத்த, காலியாக இருக்கும் அந்த நடு இடத்தில் யாரையாவது கொண்டுவந்து நிறுத்துங்கள். சேமித்துவைத்த கார்டை அழித்துவிடுங்கள், எண்களை ஒவ்வொன்றாகத் தட்டும்போது நோட்டு எண்ணும் வலி கொஞ்சம் திரும்பும். ராத்திரி பிடித்ததைக் கூடையில் போடுங்கள், பணம் மட்டும் காலையில் காபி குடித்த பிறகு. ராத்திரியில் தேர்ந்தெடுத்த ஆறுதல் அப்போதே கிடைத்துவிட்டது, அதற்குப் பணம் கட்டவேண்டிய அவசியமே இல்லை. காலையில் அம்மாவிடம் பொருளையும் விலையையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். "அம்மா, ஒரு ஹேண்ட்பேக், ஆயிரத்தி எண்ணூறு." அவர் ஒன்றும் சொல்லவேண்டியதில்லை. சொல்லும்போது உங்கள் குரல் எப்படி இருக்கிறது என்று கவனித்தால் போதும்.

அம்மாவுக்கும் ஒரு வழி இருக்கிறது. பன்னிரண்டு புடவை பிரித்துப் போட்டதற்காக அவர் யாருக்கும் கடன்படவில்லை. மடித்து வைப்பது எங்கள் வேலை, அதற்குத்தான் சம்பளம். இதை நான் சொன்னதாகவே அவரிடம் சொல்லுங்கள். விலையைக் கேட்பதற்கு முன்னால் தன் விலையை அவர் ஒரு சீட்டில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளட்டும். சேதமான புடவை என்றால், பில்லில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று அச்சடித்திருந்தாலும் கேளுங்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் கால வரம்பு குறிக்காவிட்டால் 30 நாள் அவகாசம் உண்டு.

அடுத்த முறை நீங்களும் கூடப் போங்கள். மயில்கழுத்தோ மாம்பழ மஞ்சளோ, பிடித்ததை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பார்க்கவேண்டும் என்று கேளுங்கள். நல்ல விற்பனையாளர் தானே தூக்கிக்கொண்டு கூட வருவார். நாலு மணிக்குள் போய்விடுங்கள், அதற்கு மேல் போகப்போக வாசலில் வெளிச்சம் குறைந்துவிடும்.